அறிக்கை என்னைக் காட்டியபோது

மூன்று வருடங்களுக்கு முந்தைய வைகாசி மாதம். எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். மேட்டூர் திறக்கட்டும் என்று காத்திருக்காமல், போர் தண்ணீரை நம்பி ஊரில் பாதிப் பேர் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். என் கணவரும் விட்டிருந்தார். அவருக்கு வயல், எனக்கு மாடியில் ஓர் அறை, ஒரு கணினி. தஞ்சாவூரில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வாரம் ஒரு நாள் அலுவலகம் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும்.

எங்கள் நிறுவனம் செய்வது ஒரு சின்னப் பெட்டி. போர் மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் அதை மாட்டிவிட்டால், வீட்டில் இருந்தபடி போனிலேயே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். போருக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கணினிதான். அதை ஓட்டும் இயக்க முறைமைக்கு அடித்தளமான பகுதியைக் கெர்னல் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் அதில் கை வைக்கிற ஒரே ஆள் நான்.

பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால், மற்ற எல்லாம் அப்படியே நின்றுவிடும். நான் எழுதிய ஒரு பகுதி மட்டும் எழுந்து வரும். என்ன நடந்தது, நினைவகத்தில் எந்த இடத்தில் நடந்தது என்று ஓர் அறிக்கை எழுதி வைக்கும். சிவப்பு விளக்கை மூன்று முறை மின்ன வைக்கும். பிறகு பெட்டியை முதலிலிருந்து ஓட விடும். அலுவலகத்தில் அந்த அறிக்கைக்கு எஃப்.ஐ.ஆர். என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமைதான். அதை எழுதி அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டதில்லை. தொட விட்டதும் இல்லை.

குழுவில் ஒரு பெண் இருந்தாள். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா பல வருடங்கள் நடவு ஆளாகப் போய், இப்போது இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தானே நெல் போடுகிறவர். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிகிற சமயம். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். பெட்டியில் நீர்மட்டம் பார்க்கிற பகுதி அவள் எழுதியது. பத்து விநாடிக்கு ஒரு முறை அது போய் அளந்துவிட்டு வரும்.

அந்த வருடம்தான் புது மாடல் பெட்டியை வெளியே விட்டிருந்தோம். ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் புகார்கள் வர ஆரம்பித்தன. "கரண்ட் வந்தும் மோட்டார் எடுக்கலைங்க, நாத்து காயுது" என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன். ஆட்களை அனுப்பிப் பெட்டிகளில் இருந்த அறிக்கைகளை எடுத்துவரச் சொன்னோம். எல்லாவற்றிலும் ஒரே இடம். நீர்மட்டம் பார்க்கும் பகுதி பயன்படுத்துகிற நினைவகத்துக்குள், அந்தப் பெண்ணின் இடத்துக்குள், விபரீதம் நடந்ததாக என் எஃப்.ஐ.ஆர். எழுதியிருந்தது.

அவளிடம் சொன்னேன். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றாள். மறுபடி பார்க்கச் சொன்னேன். அந்தப் பகுதியை முழுவதும் திருப்பி எழுதிக்கொண்டு வந்தாள். பெட்டிகள் அப்போதும் செயலிழந்து விழுந்தன, அதே இடத்தைக் காட்டிக்கொண்டு. மூன்றாவது தடவையும் அவள், "என் பக்கம் எதுவும் இல்லைக்கா, நெசமாவே பாத்துட்டேன்" என்றபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மெஷினுக்கு உன் மேல என்னம்மா விரோதம்?" என்று கேட்டேன்.

இதைக் குழுவில் எல்லாரும் இருந்த அழைப்பில் கேட்டேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் கொஞ்சம் வாய்த்துடுக்கு, நறுக்கென்று பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள். அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். அந்தப் பெண்ணை நிரந்தரமாக்கலாமா என்று கேட்டார். யோசிக்கவே இல்லை நான். "திறமை இருக்கு சார், கவனம் போதாது" என்றேன். எங்கள் மாதிரி சின்ன நிறுவனத்தில் அந்த ஒரு வாக்கியம் போதும். வெள்ளிக்கிழமையோடு வேலையை ஒப்படைத்துவிடும்படி அவளுக்குச் செய்தி போய்விட்டது. சோதனைக்காக அவள் வீட்டுப் போரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தோம். அதையும் திருப்பித் தர வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை வலங்கைமான் பக்கம் எங்கள் உறவில் ஒரு கிரகப்பிரவேசம். போகிற வழிதானே, பெட்டியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவளுக்குப் போன் செய்தேன்.

"நானே வெள்ளிக்கிழமை கொண்டு வந்துடுறேனேக்கா" என்றாள்.

"எதுக்கு நீ பஸ்ல தூக்கிக்கிட்டு? அம்மாகிட்ட சொல்லி வை, வந்து எடுத்துக்குறேன்."

"இல்லக்கா, வந்து..." என்று இழுத்தாள். பிறகு, "சரிங்கக்கா" என்றாள். அவள் தயங்கியதை நான் கவனித்தேன். வேலை போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் விசேஷத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, ஒன்பதரை மணிக்கெல்லாம் அவர்கள் ஊருக்குப் போய்விட்டேன். ரோட்டோரம் ஒரு சின்ன ஓட்டு வீடு. அவள் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கம்மா, பாப்பா சொல்லுச்சு" என்றார். பாப்பா எங்கே என்று கேட்டேன்.

"கும்பகோணத்துல ஏதோ ஒரு எடத்துல வேல கேட்டுப் போயிருக்கும்மா. மத்தியானம் வந்துரும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எல்லாம் அவள் நல்லதுக்குத்தான், வேறு இடத்தில் போய்க் கவனமாக இருக்கக் கற்றுக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காபி சாப்பிடுவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சாப்பிட்டேன். உங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் நடவுக்கு வந்திருக்கிறேன் என்று வாய்க்கால் பெயரையெல்லாம் சரியாகச் சொன்னார். எங்கள் வயலிலேயே நட்டிருப்பாரோ என்னவோ. எனக்கு முகம் ஞாபகமில்லை.

மோட்டார் கொட்டகை வயலில் இருந்தது. வரப்பில் அவர் முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். பாதி தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பாப்பா ரொம்பப் பெரிய தப்பு பண்ணிடுச்சாம்மா?"

"பெரிய தப்புன்னு இல்லக்கா. கவனம் கொஞ்சம் பத்தல."

"நானும் அதத்தாம்மா சொன்னேன். நான் பண்ணல, நான் பண்ணலன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அவங்கள்லாம் அனுபவம் உள்ளவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், பேசாம போயி மன்னிப்புக் கேட்டுடுன்னேன். அதுலேருந்து எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல."

"நல்லதுதான் சொல்லியிருக்கீங்க" என்றேன் நான்.

என் வாழ்க்கையில் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற சொற்கள் சில உண்டு. அந்த வரப்பில் சொன்னது அதில் ஒன்று.

கொட்டகைக்குள் எங்கள் பெட்டி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் ஓர் ஆணி. அதில் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்று, நூலில் கட்டிய பென்சிலோடு தொங்கியது. அதே ஆணியில் நீர்மட்டம் அளக்கிற ஒயரும் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. பெட்டியில் செருகி இருக்க வேண்டிய ஒயர் அது.

"இத ஏன் கழட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பாப்பாதாம்மா கழட்டுச்சு. தன்னோடத எடுத்துட்டுப் பாக்குறேன்னு போன ஞாயித்துக்கிழம பூரா லேப்டாப்ப வச்சுக்கிட்டு இங்கயே கெடந்துச்சு" என்றவர், கூரையைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. த்ரீ பேஸ் வர்ற நேரம். வந்துச்சுன்னா அக்கம்பக்கத்து மோட்டார் எல்லாம் ஒண்ணா எடுக்கும்."

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று வயலில் போய்க் காத்திருக்க யாருக்கு முடிகிறது? அதனால் ஒவ்வொருவரும் மோட்டாரை 'ஆட்டோ' சுவிட்சில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் எடுக்கும்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அக்கம்பக்கத்துக் கொட்டகைகளில் மோட்டார்கள் உறுமின. தலைக்கு மேல் பல்பு சிவந்து மங்கி, அணைந்தே போகிற மாதிரி ஆகி, மெல்லத் தேறியது. எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு மூன்று முறை மின்னியது. மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கிய பெட்டி கரண்ட் வந்த நொடியைத் தவறவிட்டதால் அவர்கள் மோட்டார் எடுக்கவில்லை.

அந்த அம்மா நோட்டை எடுத்து, பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒரு கோடு போட்டார்.

"செவப்பு மின்னுனா ஒரு கோடு போடும்மான்னு பாப்பா சொல்லியிருக்கு. அது வேலைக்குப் போயிடுதுல்ல. எனக்கு எழுத வராது, கோடு போடுவேன்" என்றார். பிறகு கையாலேயே ஸ்டார்ட்டரைத் தட்டி மோட்டாரை எடுத்துவிட்டார்.

எனக்கு உடனே எதுவும் உறைக்கவில்லை. பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் லேப்டாப்பை இணைத்து உள்ளே பார்த்தேன். நீர்மட்டம் பார்க்கும் பகுதியை அவள் முழுவதுமாக எடுத்திருந்தாள். அவள் எழுதிய ஒரு வரிகூட அந்தப் பெட்டியில் இல்லை. ஆனாலும் பெட்டி விழுந்திருக்கிறது, என் கண் முன்னாலேயே. சற்றுமுன் எழுதப்பட்ட அறிக்கையைத் திறந்தேன்.

அதில் இருந்த இடம் எனக்கு மனப்பாடம். பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி அது. நான் எழுதியது.

முதலில் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெண் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள், என்னை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். வயலில் நின்றபடி அரை மணி நேரம் பெட்டியைத் துருவினேன். எதுவும் இல்லை. அடுத்ததாக, இது பொய், என் பகுதியில் தப்பு இருக்க வழியே இல்லை, அறிக்கைதான் தப்பு என்று எண்ணினேன். எண்ணியதுமே உடம்பு கூசிப்போனது. அந்தப் பெண் மூன்று தடவை சொன்னதும் இதேதான்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி போட்டு, கரண்ட் வந்த நேரம் போட்டு, சிவப்பு மின்னியதா என்று போட்டு, அறிக்கை காட்டிய இடத்தையும் எழுதியிருந்தாள். அவள் இல்லாத நாட்களுக்கு அம்மாவின் கோடுகள், கோணல்மாணலாக. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அறிக்கை காட்டிய இடம் எல்லாம் என்னுடையது. பக்கத்தின் கீழே அவள் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. "அக்கா இடத்துல தப்பு இருக்காது. அப்ப வேற என்ன?"

நாற்றங்கால் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த இடத்திலேயே, பெட்டிக்குள் இருக்கும் சிப்பின் கையேட்டை லேப்டாப்பில் திறந்து படித்தேன். எட்டு வருடங்களுக்கு முன் படித்த அதே பக்கம்தான். விபரீதம் நடக்கும்போது எந்த இடத்தில் நடந்தது என்று சிப் தனக்குள் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் எழுதி வைக்கும். ஆனால் சில வகை விபரீதத்தில் அதற்கே இடம் தெரியாது. அப்போது, 'இந்தக் கட்டத்தில் இருப்பதை நம்பாதே' என்று பக்கத்தில் ஒரு குறி போடும். கட்டத்தில் கிடப்பது பழசு. கடைசியாக எந்தப் பகுதி சாதாரணமாக நினைவகத்துக்குப் போய்வந்ததோ அதனுடைய இடம். நான் எழுதிய பகுதி அந்தக் குறியைப் பார்க்கவே இல்லை. எழுதியபோது, நம் பெட்டிக்கு அந்த வகையெல்லாம் வராது என்று விட்டுவிட்டேன். கட்டத்தில் கிடந்ததை எடுத்து, இங்கேதான் நடந்தது என்று எட்டு வருடங்களாகத் துணிந்து எழுதிக்கொண்டிருந்தது என் எஃப்.ஐ.ஆர்.

அந்தப் பெண்ணின் பகுதி பத்து விநாடிக்கு ஒரு முறை போய்வருகிற பகுதி. அதனால் கட்டத்தில் பெரும்பாலும் அவள் இடம்தான் கிடக்கும். அடிக்கடி வேலை செய்ததுதான் அவள் செய்த குற்றம். அவள் பகுதியை எடுத்ததும், அடுத்து அடிக்கடி போய்வருகிற என் இடம் வந்து உட்கார்ந்துகொண்டது. உண்மையில் நடந்ததோ வேறு. எல்லா மோட்டாரும் ஒன்றாக எடுக்கும்போது மின்னழுத்தம் விழுகிறது. புது மாடல் அதைத் தாங்கவில்லை. தஞ்சாவூர் அலுவலகத்து மேஜையில் எத்தனை நாள் ஓட்டினாலும் அது தெரியப்போவதில்லை. கரண்ட் வருகிற நேரம் ஊருக்கு ஊர் வேறு என்பதால் யாரும் நேரத்தைச் சேர்த்துப் பார்க்கவும் இல்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. இருபது வருடமாக அந்த ஊரில் குடித்தனம் நடத்துகிறேன். த்ரீ பேஸ் வருகிற நேரத்தில் மிக்ஸி போட மாட்டேன், இழுக்காது என்று தெரியும். சமையலறையில் தெரிந்தது மாடியறையில் தெரியாமல் போயிற்று. நடவு ஆளாக இருந்த ஒரு அம்மா பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பெட்டியை நான் கழற்றவில்லை. அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. இன்னும் ஏதோ திட்டத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். என்ன சொல்ல வேண்டும் என்று அதுவரை யோசித்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

"தப்பு என்னுது. உன்னுது இல்ல. மன்னிச்சிடும்மா" என்றேன்.

"விடுங்கக்கா" என்றாள். வழக்கமாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஃபைலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குறியைப் பற்றி, கட்டத்தைப் பற்றி, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண்கள் பெரிதாயின. ஒரு நிமிடம் வேலை போனதையே மறந்துவிட்டு, "அப்ப அந்தக் குறிய முதல்ல பாத்துட்டுத்தான் எழுதணும், இல்லக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு, என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியும். உன் பகுதிய எடுத்தும் பெட்டி விழுது, அறிக்கை என் இடத்தக் காட்டுது. அத அப்படியே குரூப்ல போட்டிருந்தா உன் வேலை தப்பிச்சிருக்கும். ஏன் போடல?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரிப்போர்ட்ல வந்துடுச்சுன்னு உங்கமேல சொல்லிட முடியுமாக்கா? என் இடம் வந்தப்ப நான் பண்ணல. உங்க இடம் வந்தா மட்டும் நீங்க பண்ணிருப்பீங்களா? இன்னும் ரெண்டு நாள் பாத்துட்டு, வெள்ளிக்கிழம ஒப்படைக்கும்போது உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லலாம்னு இருந்தேன்."

எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டவள் நான். அவள் என்னிடம் தனியாகச் சொல்லக் காத்திருந்தாள்.

அவர்கள் வீட்டிலிருந்தே மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தனியாகச் சொன்னால் தனியாகவே முடித்துவிடுவார். திங்கட்கிழமை காலை அழைப்பில் எல்லாரும் இருக்கும்போது நான் பேச வேண்டும், அதுவரை அவளை நிறுத்தக் கூடாது, அந்த அழைப்பில் அவளும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பேசினேன். சுற்றி வளைக்கவில்லை. பெட்டிகள் விழுந்ததற்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அறிக்கை பொய் சொல்லியிருக்கிறது, அப்படிப் பொய் சொல்ல வைத்தது நான் எழுதிய பகுதி, உண்மையைக் கண்டுபிடித்தது அவளும் அவள் அம்மாவும் என்றேன். அவள் மூன்று முறை சொன்னதை நான் கேட்காமல் கேலி செய்தேன், அதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில், "தேங்க்ஸ்க்கா" என்று மட்டும் மெதுவாகக் கேட்டது.

திருத்தம் என்று பார்த்தால் ஆறேழு வரிதான். குறி போட்டிருந்தால், கட்டத்தில் இருப்பதை எழுதாதே. 'இடம் தெரியவில்லை' என்று எழுது. அவ்வளவே. எழுத எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எழுதியதை அவளைத்தான் சரிபார்க்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். இரண்டும் நியாயமான குறைகள். மின்னழுத்தம் விழுந்தாலும் தாங்குகிற மாதிரி பெட்டியை மற்றவர்கள் மாற்றினார்கள். அதற்குள் சிலருக்கு நாற்று கொஞ்சம் வாடித்தான் போயிற்று. எங்கள் போரிலும் அந்தப் பெட்டிதான் என்பதால் எங்கள் நாற்றும்தான். என் கணவர் அதைச் சொல்லி ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்தார்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது, ஒரு மாதம் தாமதமாக. அந்தக் கடிதம் வந்த அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், நான் பேசிய அந்தத் திங்கட்கிழமை அவள் வீட்டிலிருந்துதான் அழைப்பில் இருந்தாள் என்று தெரிந்தது.

"அன்னிக்கு உங்க வாய்ஸ் வந்ததும் ஸ்பீக்கர்ல போட்டுட்டேங்கக்கா" என்றாள்.

"எதுக்கு?"

"அம்மா கேக்கணும்ல."

நான் இத்தனை நாளாக அவள் வேலையைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தேன். நான் எழுதிய அறிக்கை அவளை அவள் அம்மா முன்னாலேயே பொய் சொல்கிறவளாக்கி நிறுத்தியிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் அந்த அம்மாவிடம், நீங்கள் சொன்னது நல்லதுதான் என்று வரப்பில் வைத்துச் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலக்கா. முழுசாக் கேட்டுச்சு. அப்புறம் என் தலைல கைய வச்சு, கொஞ்ச நேரம் அப்படியே நின்னுச்சு. நாத்துக்குத் தண்ணி பாக்கப் போயிடுச்சு."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான்தான் ஸ்வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த எஃப்.ஐ.ஆர். பகுதியைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அறிக்கையில் அடிக்கடி 'இடம் தெரியவில்லை' என்று வருகிறது, இதை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது என்று புதிதாக வந்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். வீட்டிலும் வெளியிலும் இன்னார்தான் காரணம் என்று யாரைப் பற்றியாவது ஒரு பேச்சோ ஒரு தாளோ என் முன்னால் வந்தால், அதில் என் பெயர் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நம்பியிருப்பேனா என்று என்னையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளாமல் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை.